மறு: வாட்டர் ரெசிலியன்ஸுக்கு தமிழ்ல என்ன? "நீர்த்தாங்குமை"ன்னு வைக்கலாமா

எல்லாருக்கும் வணக்கம்,

வாட்டர் ரெசிலியன்ஸ், அதாவது வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் ஊரும் நீர்நிலையும் குலையாம சமாளிக்கிற தன்மை, அதுக்கு தமிழ்ல என்ன சொல்லுன்னு பேசுற இந்த மடல் இழைய மூணு நாளா படிச்சிட்டு தான் இருக்கேன், எழுத நேரம் கிடைக்கல. "நீர் மீள்திறன்"னு முடிவு பண்ணி விக்சனரி இணைய அகராதியில ஏத்திடலாம்னு நேத்து அண்ணன் எழுதியிருந்தாங்க. அண்ணா, கொஞ்சம் பொறுங்க, எனக்கு அதுல ஒரு பெரிய தயக்கம் இருக்கு.

மார்ச் 22 கிராம சபைக்கு குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு ஊருக்கு போயிருந்தேன். தீர்மான நோட்டுல "நீர் மீள்திறனை மேம்படுத்துதல்"னு ஒரு வரி, ஏதோ ட்ரெய்னிங்ல குடுத்த தாள்லேர்ந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தாங்க. படிச்சதும் முன்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா கேட்டாங்க, "மீள்றதுன்னா, கடலுக்கு போன தண்ணி திரும்பி வருமா தம்பி?"ன்னு. நியாயமான கேள்வி. படிச்சவராலயும் பதில் சொல்ல முடியல, பக்கத்துல நின்ன என்னாலயும் முடியல. அப்புறம் அந்த ஊர்ல முன்னாடி நீர்க்கட்டியா, அதாவது ஏரி தண்ணிய வயலுக்கு பிரிச்சு விடுறவரா இருந்த ஒரு பெரியவர் எழுந்து, ஏரிய பத்தி பேசினாரு. "கரை இப்ப இருக்குற இருப்புக்கு ரெண்டு மழை தாங்கும், மூணாவது மழை தாங்காது. மண்ண எடுத்து ஆழம் பண்ணா சித்திரை வரைக்கும் தண்ணி தாங்கும்." அவ்ளோ தான் சொன்னாரு, உக்காந்துட்டாரு.

இத வீட்டுக்கு வந்து யோசிச்சு பாத்தா, நம்ம இங்க நாப்பது மடல்ல தேடினது அவர் வாயில ஒரே வினைச்சொல்லா இருக்கு. வெள்ளத்துக்கும் தாங்கும், வறட்சிக்கும் தாங்கும். கரை தாங்குது, தண்ணியும் தாங்குது. "மீள்"ல இது வராது, ஏன்னா மீள்றது எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் நடக்குறது. கடலூர் மாவட்டத்துல எதுக்குங்க மீளணும்? 2011ல "தானே" புயல், 2015ல வெள்ளம், அந்த வெள்ளம் வடிஞ்ச அடுத்த வருஷமே 2016ல வடகிழக்கு பருவமழை பொய்ச்சு வறட்சி, 2024ல ஃபெஞ்சல் புயல். ஒவ்வொரு தடவையும் பழைய நிலைக்கு மீண்டுட்டு தான் இருக்கோம், அந்த பழைய நிலைன்னா தூர்ந்த வாய்க்காலும் கரை அரிச்ச ஏரியும் தானே, அதுக்கே திரும்பி போறத ஒரு திறன்னு எழுத எனக்கு மனசு வரல.

இப்ப இழையில வந்த மத்த சொற்கள பாக்கலாம். "நெகிழ்திறன்" காதுக்கு நல்லா இருக்கு, ஆனா நெகிழின்னா பிளாஸ்டிக்னு ஊருக்கே பழகிப்போச்சு. தண்ணி பக்கத்துல அந்த வார்த்தைய வச்சா குப்பை தான் ஞாபகம் வரும். "நீரேமம்"னு அய்யா சொன்னது அழகு. ஏமம் பழைய சொல், காவல்ங்குற பொருள் சரியா உக்காருது, ஆனா கிராம சபையில அதுக்கும் ஒரு அம்மா எழுந்து கேள்வி கேப்பாங்க. "தாங்குதிறன்" கிட்ட வருது. ஆனா சூழலியல் பாடத்துல ஒரு காடு இத்தனை மாட்ட தாங்கும்னு சொல்றதுக்கு அத ஏற்கெனவே எடுத்துட்டாங்க, ஒரே சொல்ல ரெண்டு இடத்துல போட்டா மாணவர்கள் தான் குழம்புவாங்க. வெறும் "தாங்கல்"னு வைக்க எனக்கு ரொம்ப ஆசை. நம்ம வட மாவட்டங்கள்ல சின்ன ஏரிக்கே தாங்கல்னு தான் பேரு, வேடந்தாங்கல், பழவந்தாங்கல்னு ஊர் பேர்லயே நிக்குது. தண்ணிய தாங்குறதால தாங்கல். ஆனா மனத்தாங்கல்னா மனஸ்தாபம் ஆயிடுது, அதோட ஏரி பேரையும் குணத்தோட பேரையும் ஒண்ணாக்கினா தீர்மானத்துல எத சொல்றோம்னு தெரியாது.

அதனால "தாங்குமை". ஆளு, ஆளுமை மாதிரி. நீர்த்தாங்குமை. முதல் தடவை கேக்குறவங்களுக்கும் உள்ள இருக்குற "தாங்கு" கேக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு அது தான் முக்கியம். தாங்குமைன்னு சொன்ன உடனே யாரு தாங்குறதுன்னு அடுத்த கேள்வி வந்துடும். அரசமைப்பு 11வது அட்டவணையில சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் ஊராட்சிக்கு உரிய விஷயமா எழுதியிருக்கு. நடைமுறையில 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு (ஏரி பாயுற நிலம்) இருந்தா ஏரி நீர்வளத்துறைக்கு, அதுக்கு கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியத்துக்கு. பெரிய ஏரியோட கரையிலயே குடியிருக்குற ஊர் அந்த மதகுல கை வைக்க முடியாது, ஆனா உடைஞ்சா தண்ணி வர்றது அவங்க வீட்டுக்கு தான். வீராணம் தண்ணி 2004லேர்ந்து 200 கிலோமீட்டருக்கு மேல குழாயில சென்னைக்கு போவுது, போகட்டும், குடிக்கிற தண்ணி. ஆனா சென்னையோட தாங்குமை காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஏரி மேல உக்காந்திருக்குன்னா, அந்த ஊராட்சிங்களுக்கும் பேச ஒரு இடம் வேணும்ல.

பாண்டிச்சேரி பக்கம் இன்னும் சிக்கல். அங்க கிராமப்புற உள்ளாட்சிக்கு கொம்யூன் பஞ்சாயத்துன்னு பேரு, சட்டம் இருக்கு, கட்டடம் இருக்கு, ஆனா 1968க்கு அப்புறம் உள்ளாட்சி தேர்தல் 2006ல தான், 38 வருஷம் கழிச்சு நடந்துச்சு. அந்த பதவிக்காலம் 2011ல முடிஞ்சது, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா தேர்தலே இல்ல. பாகூர் ஏரிக்கு தண்ணி கொண்டு வர்ற பங்காரு வாய்க்கால் தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து வருது, அணைக்கட்டு தமிழ்நாட்டுல, ஏரி புதுச்சேரியில. 2024 டிசம்பர் 2ஆம் தேதி தென்பெண்ணையில இருக்குற சாத்தனூர் அணையிலேர்ந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்தப்ப அந்த தண்ணி எல்லை பாக்கல, கடலூர்லயும் புகுந்துச்சு, பாகூர்லயும் புகுந்துச்சு. ரெண்டு பக்கத்து ஊர்க்காரங்களும் ஒண்ணா உக்காந்து பேச ஒரு மேடை இல்ல, அப்ப புதுச்சேரி பக்கம் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி ஆளே இல்ல. இத எழுதும்போதே எனக்கு வயிறு எரியுது.

ரீஜனல் கவர்ன்மென்ட்டுக்கு தமிழ்ல என்னன்னு அக்கா கேட்டிருந்தாங்க, அத பத்தி ஒரு வார்த்தை. "பிராந்திய அரசு"ன்னு வேணாம், புதுச்சேரியில பிராந்தியம்னா காரைக்கால், மாஹே, ஏனாம்னு தான் அர்த்தம். "வட்டார அரசு"ன்னாலும் இங்க வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸ் தான் ஞாபகம் வரும். நம்ம ஊர் கட்டுரைன்னா உள்ளாட்சி, மாநில அரசுன்னு நேரா எழுதிடலாம்.

"தாங்குமை"க்கு இலக்கணத்துல தடை இருந்தா சொல்லுங்க, மாத்திக்கிறேன். ஈழத்து நண்பர்கள் "மீண்டெழும்"னு எழுதுறாங்களே, அவங்க பக்கம் ஊர் ஜனங்க குளத்துக்கு என்ன வினைச்சொல் போடுறாங்கன்னு தெரிஞ்சுக்கவும் ஆசை. நவம்பர் 1 உள்ளாட்சி தின கிராம சபைக்கு அதே ஊருக்கு போறேன், தீர்மானத்துல "ஏரியின் நீர்த்தாங்குமையை உயர்த்துதல்"னு எழுதி படிக்க ஒத்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் விக்சனரில ஏத்தாம வைங்க அண்ணா. அந்த அம்மா வந்தாங்கன்னா என்ன கேட்டாங்கன்னு அன்னைக்கு ராத்திரியே எழுதுறேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்துலேர்ந்து