கயனைட், அண்டலூசைட், சில்லிமனைட்: வாய்பாடு ஒன்று, கனிமம் மூன்றா?

கேள்வி (நிலவியல் முதலாண்டு மாணவர்)

வணக்கம். செய்முறை வகுப்பில் மூன்று மாதிரிகளைத் தந்தார்கள். ஒன்று நீலப் பட்டைகளாகவும், ஒன்று குறுக்குவெட்டில் கரிய சிலுவைக்குறி தெரியும் தடித்த தூணாகவும், மற்றொன்று வெண்ணிற நார்க்கட்டாகவும் இருந்தன. மூன்றிலும் இரண்டு அலுமினியத்துக்கு ஒரு சிலிக்கான், ஐந்து ஆக்சிஜன் என்பதே இயைபு. அப்படியானால் இவற்றுக்கு மூன்று பெயர்கள் எதற்கு? ஆழத்தில் உருவான வடிவம் மேற்பரப்புக்கு வந்தபின்னும் மாறாமல் இருப்பது எப்படி?

மறுமொழி 1

கனிமத்தை வரையறுப்பது இயைபு மட்டுமன்று, அணுக்கள் அடுக்கப்பட்ட முறையும்தான். இம்மூன்றிலும் அலுமினியத்தில் பாதி, ஆறு ஆக்சிஜன்கள் சூழத் தொடராக நிற்கிறது, வேறுபாடெல்லாம் மறுபாதியில்தான். அதைச் சூழ்ந்துள்ள ஆக்சிஜன்கள் கயனைட்டில் ஆறு, அண்டலூசைட்டில் ஐந்து, சில்லிமனைட்டில் நான்கு. நெருக்கமாக அடுக்கப்பட்ட கயனைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.6 கிராம், அண்டலூசைட்டுக்கு 3.15தான். எனவே மிகுந்த அழுத்தம் கயனைட்டுக்கும், குறைந்த அழுத்தம் அண்டலூசைட்டுக்கும், உயர்வெப்பம் சில்லிமனைட்டுக்கும் சாதகமானவை. மூன்றும் சமநிலையில் இருக்கக்கூடிய புள்ளி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ், 4 கிலோபார் (காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 4,000 மடங்கு). அதன் சரியான இடத்தைப் பற்றி ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள்.

உங்கள் மாதிரிகளில் நீலப் பட்டைதான் கயனைட். அதன் நீளவாக்கில் பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள், கோடு விழும். குறுக்கே கீறினால் கத்திதான் வழுக்கும். அடுக்குமுறை என்பது வெறும் ஏட்டுச் செய்தியன்று என்பது அப்போது கைக்கே தெரியும்.

மறுமொழி 2

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். குவார்ட்ஸ் 573 டிகிரியில் வடிவம் மாறும்போது பிணைப்புகள் சற்றே வளைகின்றனவே தவிர அறுவதில்லை. அதனால் சூடு தணிந்ததும் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கயனைட் மாற வேண்டுமானால் பிணைப்புகள் அறுந்து புதிதாக இணைய வேண்டும். பாறை குளிர்ந்தபின் அதற்கு வேண்டிய ஆற்றல் கிடைப்பதில்லை. மோதிரத்து வைரம் கிராஃபைட்டாகாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்தத் தயக்கம் நமக்கு உதவியாகவே அமைந்தது. 1893இல் நிலவியலாளர் ஜார்ஜ் பாரோ, ஸ்காட்லாந்து மலைநாட்டில் கயனைட் பாறைகளும் சில்லிமனைட் பாறைகளும் தனித்தனி மண்டலங்களாக அமைந்திருப்பதை வரைபடமாக்கினார். கயனைட்டிலிருந்து சில்லிமனைட்டை நோக்கி நடப்பவர், பாறை பட்ட சூடு ஏறிய திசையில் நடக்கிறார்.

மறுமொழி 3 (உலைச் செங்கல் தொழிலில் இருப்பவர்)

மேலே கூறியவற்றோடு ஒன்று மட்டும். சூளையின் கடுஞ்சூட்டில் இவை மூன்றுமே முல்லைட்டாகவும் (அலுமினியம் மிகுந்த மற்றொரு சிலிக்கேட்) சிலிக்காவாகவும் பிரிந்துவிடும். ஆனால் கயனைட் அப்போது 15 விழுக்காட்டுக்கும் மேல் பருத்துவிடுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில், முன்கூட்டிச் சுட்டெடுக்காத பருவெட்டுக் கயனைட்டைக் கலவையில் சேர்த்துவிட்டு, மறுநாள் சூளையைத் திறந்தபோது பாதிச் செங்கற்கள் வெடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். கேரளத்தின் சவரா கடற்கரை மணலில் பிரித்தெடுக்கும் சில்லிமனைட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.