அப்பாவின் த்ரீ பேஸ் மோட்டரை வீட்டுக் கறண்டில் ஓட்டலாமா?

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
அப்பா முந்தி தோசைக்கடை வச்சிருந்தவர். கடை பூட்டிக் கனகாலம். மா அரைச்ச கல்லை வித்தாச்சு, மோட்டர் மட்டும் படிக்குக் கீழ கிடக்குது. தகட்டில 1 குதிரைவலு, 220/380 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 1420 சுற்று எண்டிருக்கு. வீட்டுக்கு வாறது சிங்கிள் பேஸ் 230. சின்னக் கல்லொண்டு பூட்டி ஓட்ட ஆசை. ஒரு பாஸ் "கபாசிட்டர் போட்டாச் சரி" எண்டார். இன்னொருத்தர் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். ஆற்ற கதையைக் கேக்கிறது?

பஞ்சிகாவத்தையான்:
முதல் ஆள் சொன்னதுதான் சரி. 220/380ன்னு இருக்கிறது உங்க அதிர்ஷ்டம். டெல்டாவில, அதாவது மூணு சுருளையும் முக்கோணமா கட்டினா, ஒவ்வொரு சுருளுக்கும் 220 போதும், நம்ம 230 அப்படியே பொருந்தும். ரெண்டு முனைக்கு பேஸும் நியூட்ரலும். மூணாவது முனைக்கும் அதில ஒண்ணுக்கும் நடுவில ரன் கபாசிட்டர், மோட்டர் ஓடுற நேரம் முழுக்க இணைப்பில இருக்கிற வகை. கிலோவாட்டுக்கு 70 மைக்ரோபரட் கணக்கு, 1 குதிரைவலுவுக்கு 50 வரும். 450 வோல்ட் ஏசி தாங்கிறதா பாத்து வாங்குங்க. எதிர்ப்பக்கம் சுத்தினா கபாசிட்டர் வயரை மத்த முனைக்கு மாத்துங்க, அவ்வளவுதான்.

வயர்மன் ஐயா:
"அவ்வளவுதான்" எண்டு சொல்லிச் சொல்லியே மோட்டரைக் கருக்கிப்போட்டு வந்து நிப்பாங்கள். கபாசிட்டர் தாறது நோஞ்சான் பேஸ், தம்பி. மூன்று சுருளுக்கும் சமனாக் கறண்ட் ஓடாது. தகட்டு வலுவில 70 வீதம் எடுக்கலாம், அதுக்கு மேல கேட்டா ஒரு சுருள் தனியாச் சுடும். கிளம்பேக்குள்ள இருக்கிற இழுவை அதைவிட மோசம். அரிசியோட நிக்கிற கல்லை அசைக்கேலாமல் உறுமிக்கொண்டு நிக்கும். நான் சொல்றது விஎஃப்டி எண்ட மோட்டர் வேகத்தை மாத்திற மின்னணுப் பெட்டி. சிங்கிள் பேஸை வாங்கி 230இல மூன்று பேஸ் முழுசாத் தரும், மெல்லமாவும் கிளப்பும்.

பஞ்சிகாவத்தையான்:
ஐயா, அரிசியைப் போட்டுட்டு யாரு கல்லை ஸ்டார்ட் பண்றாங்க? சுத்த விட்டுத்தானே அள்ளிப் போடுவாங்க! வாரத்தில ஒரு நாள் தோசைக்கு அரைக்க விஎஃப்டியா? அதோட ஒழுக்கு கறண்டுக்கு 30 மில்லிஆம்ப் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும், அந்தத் தொல்லையையும் சொல்லுங்க.

வயர்மன் ஐயா:
ட்ரிப் விழுறது உண்மைதான், மறுக்கேல்லை. ஆனா நடுவில கறண்ட் போனா? 2022இல 13 மணித்தியாலம் இருட்டில இருந்தம். 2025 பெப்ரவரி 9 பாணந்துறை கறண்ட் துணைநிலையத்தில குரங்கு பாய்ஞ்சுதெண்டு நாடே இருண்டுது. திரும்பி வரேக்குள்ள கல்லு மாவோட நிக்கும், சுவிட்ச் ஓனில இருக்கும், உங்கட கபாசிட்டர் மோட்டர் உறுமத் தொடங்கும். வீட்டில ஆளில்லாட்டி?

பஞ்சிகாவத்தையான்:
அதுக்கு கறண்ட் போனா தானா விழுற ஸ்டாட்டர் இருக்கு, ஓவர்லோட் ரிலேயோட. அதைப் போடாம ஓட்டச் சொல்ல மாட்டேன். சரி, முதல்லயே சொல்லியிருக்கணும்.

வெள்ளவத்தை மல்லிகா:
இவ்வளவு வருசம் படிக்குக் கீழ ஈரத்தில கிடந்த சாமானுக்கு ஒருத்தரும் மெகர், அதுதான் சுருளில கறண்ட் ஒழுகுதோ எண்டு பாக்கிற மீட்டர், வைக்கச் சொல்லேல்லையே! 500 வோல்ட் மெகரில சுருளுக்கும் உடம்புக்கும் இடையில 1 மெகாஓமாவது காட்டவேணும். மா அரைக்கிற இடம் எப்பவும் தண்ணி, உடம்புக்கு எர்த் வயர் கட்டாயம். கபாசிட்டரைப் பிளக் கழட்டின உடன தொடவும் கூடாது, சார்ஜ் நிக்கும். எங்கட கராஜ் பெடியன் ஒருத்தன் ஒருக்கா தொட்டிட்டு ஸ்பானரை அடுத்த வளவுக்கே எறிஞ்சவன்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
மெகர் இரவல் வாங்கிப் பாத்தன், 0.3 தான் காட்டிச்சுது. மூடியைக் கழட்டி, மரப்பெட்டிக்குள்ள வச்சு, 60 வாட் குண்டு பல்ப் ரெண்டு எரியவிட்டன். ரெண்டு நாளில 6 ஆயிட்டுது. பெயாரிங் மாத்தவேணும், கையால சுத்தேக்குள்ள கரகரக்குது. விஎஃப்டியோ கபாசிட்டரோ இன்னும் முடிவில்லை.

வயர்மன் ஐயா:
6 நல்லம். இரும்புக்குப் போடாதேயுங்கோ. வயர் பெட்டிக்குள்ள எத்தனை முனை? மூன்றெண்டா மூன்று சுருளும் சேர்ற நடு முடிச்சு உள்ளுக்க இருக்கும், டெல்டாவுக்கு அதைத் தோண்டி எடுக்கவேணும். அது ரீவைண்டிங்காரனின்ர வேலை.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
ஆறு முனை. ஒரு வரிசையில இருக்கிற மூன்றையும் பித்தளைப் பட்டை சேத்திருக்கு.

பஞ்சிகாவத்தையான்:
அது ஸ்டார், மூணு சுருளும் ஒரு இடத்தில சேர்ற கட்டு, 380க்குக் கட்டினது. ஐயா சொல்றதைக் கேட்டாலும் நான் சொல்றதைக் கேட்டாலும் அந்தப் பட்டையை முதல்ல மாத்தணும்.

வயர்மன் ஐயா:
அதில மட்டும் சண்டை இல்லை.