பழைய டபுள் கெப், 31 இஞ்சி ரயர்: லீற்றருக்கு ஏழரைதான் ஓடுது, பிழை எங்க?

கொக்குவில்_கெப்:

வணக்கம் அண்ணைமார். வாகனம் ரொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106, 3எல் எஞ்சின், 2779 சி.சி., ரேர்போ இல்லை, ஐஞ்சு கியர். முந்தி இருந்தவை மாத்தியடிச்சது: 235/75ஆர்15 ரயர் இருந்த இடத்தில 31×10.5ஆர்15 மட் ரயர், பின் ஷக்கிள் (வில்லுத் தகட்டைச் சேசியோட கொழுவுற துண்டு) நீட்டி ரெண்டு இஞ்சி உயர்த்தினது, முன்னுக்கு இரும்பு புல் பார், மேல றூஃப் றாக்.

கடைசி ராங்க் கணக்கு: 412 கிலோமீற்றருக்கு 55 லீற்றர். அதாவது லீற்றருக்கு ஏழரை. கிழமை நாளில கொக்குவில் - ரவுண் ஓட்டம், கிழமைக்கு ஒருக்கா கிளிநொச்சிக்குச் சாமான். ரெண்டில இருந்து மூண்டுக்கு மாத்தி மிதிக்கேக்க கறுப்புப் புகை தள்ளுது. ஐஞ்சாம் கியரில 60இல இழுக்காது, நாலுக்கு இறக்க வேணும்.

ஒரு கராஜில எஞ்சினுக்கு டீசல் தள்ளுற பம்பைக் குறைப்பம் எண்டினம். இன்னொரு இடத்தில ரேர்போ ஏத்தினா டீசல் மிச்சம் எண்டினம். டீசல் குழாயில காந்தம் கட்டுற சாமானும் விக்கினம். காசு அறுபதாயிரத்துக்குள்ள முடிய வேணும். எதில தொடங்கலாம்?

—

பழைய_ஸ்பானர்:

தம்பி, முதல்ல உங்கட ஏழரையே பிழை. 235/75ஆர்15இன்ர விட்டம் 733 மில்லிமீற்றர். 31 இஞ்சி எண்டா 787. நூற்றுக்கு ஏழு கூட. மீற்றருக்குப் பெரிய ரயர் போட்டது தெரியாது, அது சில்லுச் சுற்றை மட்டும்தான் எண்ணும். மீற்றர் 412 காட்டினா வாகனம் ஓடினது 440ஐ ஒட்டி. அப்ப லீற்றருக்கு எட்டு. அரைக் கிலோமீற்றர் காசில்லாமல் வந்திட்டுது, ஆனா அது மிச்சமில்லை, கணக்குத்தான். மீற்றர் 70 காட்டேக்க நீங்கள் 75இல போறியள் எண்டதையும் நினைவில வையுங்கோ.

இந்த ரயர் அளவுக் கணக்கை நம்பிறேல்லை எண்டா ஃபோன் ஜி.பி.எஸ்ஸை வைச்சு ஏ9 றோட்டில 50 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கோ. றோட்டோரக் கிலோமீற்றர் கல்லும் போதும். தேய்ஞ்ச ரயர் கொஞ்சம் சின்னன், அதால நேரா அளந்த எண்தான் சரி. மீற்றர் எண்ணை எதால பெருக்கினா உண்மைத் தூரம் வரும் எண்டதை ஒரு துண்டில எழுதி டாஷ்போட்டில ஒட்டி விடுங்கோ.

டீசல் அடிக்கிறதும் ஒரே மாதிரி இருக்க வேணும். ஒரே செட், ஒரே பம்ப், வாகனம் ஒரே சரிவில. டீசல் நுரைக்கும். கொக்கி 'டக்' எண்டு நிண்டவுடன எடுத்தா வாய்க் குழாய்க்குள்ள நுரைதான் நிக்குது, உள்ள இடம் இருக்கு. ஒரு நிமிசம் விட்டு நுரை அடங்க, மெதுவா அடிச்சு ரெண்டாந்தரம் நிக்கேக்க நிப்பாட்டுங்கோ. ஒரு ராங்கை வைச்சு ஒண்டும் சொல்லேலாது, மூண்டு ராங்கின்ர சராசரி எடுங்கோ. காற்றையும் மறக்காதேங்கோ: சோழகம் அடிக்கிற மாதங்களில பண்ணைப் பாலத்தால வேலணைப் பக்கம் போகேக்க எதிர்க்காற்று, வரேக்க முதுகில காற்று. போக வர ரெண்டையும் சேர்த்துத்தான் கணக்கு.

இதுக்குப் பிறகு ரயர் காற்று. கதவில ஒட்டியிருக்கிற அளவு பழைய ரயருக்கானது. 31க்கு, வெறும் வாகனத்தில, சில்லு ஆறியிருக்கேக்க 34 பி.எஸ்.ஐ.யில தொடங்குங்கோ. ரயருக்குக் குறுக்கால சோக்குக் கட்டியால ஒரு தடிச்ச கோடு கீறி, நேரான தாரில நூறு மீற்றர் ஓட்டுங்கோ. நடுவில மட்டும் சோக்கு அழிஞ்சா காற்று கூட, ரெண்டு கரையில மட்டும் அழிஞ்சா குறைவு. ஒரே மாதிரி அழியிற அளவுதான் உங்கட அளவு. சாமான் ஏத்திற நாளில பின் சில்லுக்கு ஐஞ்சாறு கூட்டுங்கோ.

றூஃப் றாக்கைக் கழட்டி வீட்டில வையுங்கோ. காற்றுத் தடை வேகத்தின்ர வர்க்கத்தோட ஏறும்: 70இல இருந்து 90க்குப் போனா தடை 65 வீதம் கூட. கிளிநொச்சி ஓட்டத்தில உண்மையா 70இல நிண்டா, எந்தப் பாட்ஸ் மாத்திறதையும் விடக் கூட மிச்சம்.

—

பம்ப்_மேசை:

பம்பைப் பற்றி. 3எல் எஞ்சினில இருக்கிறது வி.ஈ. வகைச் சுழல் பம்ப். பின் முகத்தில, நாலு நொசிலுக்கும் (டீசலை எஞ்சினுக்குள்ள விசிறுறது) குழாய் புறப்படுற இடத்துக்கு மேல, பூட்டு நட் போட்ட ஒரு ஸ்குறூ இருக்கும். அதுதான் முழு மிதிக்கு எவ்வளவு டீசல் எண்டதைத் தீர்மானிக்கிறது. பெரிய ரயர் போட்டவுடன இழுவை குறைஞ்சிட்டுது எண்டு கன பேர் அதை உள்ளுக்குத் திருகி விடுவினம். உங்கட கறுப்புப் புகை அதாலயும் இருக்கலாம், அடைபட்ட எயர் ஃபில்டராலயும் இருக்கலாம், சொட்டுற நொசிலாலயும் இருக்கலாம். லேசானதில இருந்துதான் பார்க்க வேணும்: முதல் ஃபில்டர், பிறகு நொசில், கடைசியா ஸ்குறூ.

எயர் ஃபில்டரைக் கழட்டி ரோச் லைற்றை உள்ளுக்குப் பிடியுங்கோ. வெளியால வெளிச்சம் தெரியேல்லை எண்டா மாத்துங்கோ. குடாநாட்டு செம்மண் புழுதியில 'பத்தாயிரத்துக்கு ஒருக்கா' எண்ட கணக்குச் சரிவராது. ஊதிப் போடுற பழக்கமும் நல்லதில்லை, கடதாசி கிழிஞ்சா புழுதி நேரா சிலிண்டருக்குள்ள.

பிறகு நொசில். நாலையும் கழட்டி நொசில் ரெஸ்ரரில போட வேணும். நல்ல நொசில் 'கிர்' எண்ட சத்தத்தோட புகார் மாதிரி விசிறும். பழுதானது ஒரு பக்கமாக் கம்பி மாதிரி பீச்சும், இல்லாட்டி அடிச்சு முடிய நுனியில ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டுத்தான் கறுப்புப் புகை. திரும்பப் பூட்டேக்க செப்பு வாசர் நாலும் புதுசு போடுங்கோ, பழசு திரும்பப் போட்டா அழுத்தம் கசியும்.

இது ரெண்டும் சரியா இருந்து இன்னும் புகைச்சா மட்டும் ஸ்குறூ. தொடக்கூடிய முதல் ஆள் நீங்கள் இல்லை எண்டதை நினைச்சு, இப்ப இருக்கிற நிலையில பெயின்றால ஒரு கோடு போடுங்கோ. எட்டில ஒரு சுற்று மட்டும் வெளியால, ஓடிப் பார், திரும்ப. ஐடிலும் சேர்ந்து இறங்கும், அதைத் தனியா ஐடில் ஸ்குறூவில திருத்த வேணும். ஒண்டு விளங்க வேணும்: இது முழு மிதியில போற வீண் டீசலை மட்டும்தான் நிப்பாட்டும். சமனா 60இல ஓடேக்க உங்கட கால்தான் அளவு, பம்பைக் குறைச்சா நீங்கள் கூட மிதிப்பியள், அவ்வளவுதான். அளவுக்கு மிஞ்சிக் குறைச்சா வாகனம் ஏறாது.

போன வருசத்துப் புகைப் பரிசோதனைத் தாளை எறியாதேங்கோ. அதில 'கே' எண்டு போட்டிருக்கிற புகை அளவை இந்த வருசத்தோட ஒப்பிட்டா புகை கூடுதா குறையுதா எண்டு கண்ணால மதிப்பிடத் தேவையில்லை.

பம்ப் ரைமிங் (டீசல் பீச்சுற நேரம்) பிந்தியிருந்தாலும் டீசல் குடிக்கும், இழுவையும் செத்துப் போகும். அதுக்கு டயல் கேஜ் வேணும், காதால கேட்டுப் பம்பை ஆட்டுறவையிட்டக் குடுக்காதேங்கோ. ரைமிங் பெல்ற் எப்ப மாத்தினது எண்டு தெரியாட்டி ரெண்டையும் ஒண்டாச் செய்யுங்கோ. ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்த வேண்டியது. அறுந்தா வால்வு பிஸ்ரனில அடிக்கும்.

ரேர்போ வேண்டாம். 22:1க்கு மேல அமுக்குற எஞ்சின், எல் வரிசை எஞ்சின்களின்ர சிலிண்டர் தலை சூட்டுக்கு வெடிக்கிறதில பேர் போனது. காந்தம், தண்ணியில இருந்து வாயு எடுத்து எஞ்சினுக்கு விடுற சாமான் எல்லாம் விக்கிறவைக்கு மட்டும் லாபம். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லவும் ஆரும் வருவினம், 90களில யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த நேரம் அதில ஓடினதுதானே எண்டு. அது பெற்றோல் கார்கள். இந்தப் பம்புக்கு டீசலேதான் எண்ணெய், மண்ணெண்ணெய் போனா உள்ளுக்கு உராய்ஞ்சு பம்ப் முடிஞ்சுது.

—

தீவுப்பக்கம்:

ரெண்டு பேரும் பிறேக்கை விட்டிட்டியள். உப்புக்காற்றுப் பட்ட வாகனத்தில பிறேக் பிடிச்சுக்கொண்டு ஓடுறது சாதாரணம். பத்துக் கிலோமீற்றர் ஓடி, கடைசியில பிறேக் அடிக்காமல் தானா உருண்டு நிக்க விட்டு, நாலு றிம்மின்ர நடுவுக்குக் கிட்டவும் கையைக் கொண்டு போங்கோ (தொட வேண்டாம், சுடும்). ஒண்டு மட்டும் அனல் அடிச்சா அங்கதான். பிறகு ஜக் அடிச்சுக் கையால சுத்துங்கோ. இந்த முன் கலிப்பருக்கு (பாட்டை டிஸ்க்கில அமத்துறது) ஸ்லைட் பின் இல்லை, நாலு பிஸ்ரன். ஒண்டு துருப்பிடிச்சு இறுகினாலே பாட் டிஸ்க்கில உரசிக்கொண்டே இருக்கும். சீல் கிற் போட்டாப் போதும், பிஸ்ரன் குழி விழுந்திருந்தா பிஸ்ரனும். பின்னுக்கு ஹாண்ட் பிறேக் கேபிள் விடுபடாமல் நிக்குதோ பாருங்கோ.

ஃப்றீ வீல் ஹப் (முன் சில்லை முன் அக்சிலோட பூட்டுறது) ரெண்டும் 'ஃப்றீ'யில இருக்கோ? தார் றோட்டில 'லொக்'கில விட்டா முன் அக்சிலும் டிஃபும் (அக்சிலைச் சுத்துற பல்லுப் பெட்டி) சும்மா சுத்தும். மாதத்தில ஒருக்கா லொக் பண்ணிக் கொஞ்சத் தூரம் ஓடினாக் காணும், உள்ளுக்கு எண்ணெய் பட.

—

கொக்குவில்_கெப்:

நன்றி அண்ணைமார். ஜி.பி.எஸ்ஸில பார்த்தன், மீற்றர் 50க்கு உண்மை 53.2. ஹப் ரெண்டும் லொக்கிலதான் இருந்தது! இடப்பக்க முன் சில்லு கையால அரைச் சுற்றும் வரேல்லை, கலிப்பர் கழட்டக் குடுத்திட்டன். எயர் ஃபில்டரில வெளிச்சம் தெரியேல்லை, மாத்தியாச்சு, புகை பாதியாக் குறைஞ்சுது. நொசில் அடுத்த கிழமை.

இன்னொண்டு: ஏ9இல ஓடேக்க வெப்ப முள்ளு கால்வாசிக்குக் கீழ நிக்குது, ரவுணுக்குள்ள நடுவுக்கு வருது. நல்லதுதானே?

—

பம்ப்_மேசை:

நல்லதில்லை. தேர்மோஸ்ராற் (எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணியை றேடியேற்றருக்கு விடாத வால்வு) இல்லை, இல்லாட்டித் திறந்தபடி இறுகியிருக்கு. எங்கட வெயிலுக்குத் தேவையில்லை எண்டு கழட்டி எறியிறது இஞ்ச ஒரு வியாதி. காலமை குளிர் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி றேடியேற்றரின்ர மேல் ஹோஸைப் பிடிச்சுப் பாருங்கோ. கன நேரம் குளிர்ந்திருந்து திடீரெண்டு சுட்டா சரி. தொடக்கத்தில இருந்தே மெல்ல மெல்லச் சூடேறினா அங்க ஒண்டும் இல்லை. 88 பாகையில திறக்கிறது வாங்கிப் போடுங்கோ, பூட்ட முதல் பானைத் தண்ணியில வெப்பமானியோட கொதிக்க வைச்சுப் பார்த்தா நிம்மதி. குளிர் எஞ்சின் டீசலை முழுசா எரிக்காது.

—

பழைய_ஸ்பானர்:

இனி ரயர். ஐஞ்சாம் கியரில இழுக்காததுக்குக் காரணம் அதுதான். டிஃப் விகிதம் (சில்லு ஒருக்காச் சுத்த டிஃபுக்கு வாற தண்டு எத்தினை தரம் சுத்துது எண்டது) 4.10 எண்டு வைச்சா, உங்கட அளவில இப்ப அது 3.85 மாதிரி வேலை செய்யுது. ஐஞ்சு செத்துப் போய் நாலிலயே ஓடுறியள். டிஃப் பல்லு மாத்தலாம், ஆனா நாலு சில்லு ஓட்டம் இருக்கிற வாகனத்தில முன் பின் ரெண்டும் ஒரே விகிதத்தில மாத்த வேணும், அறுபதாயிரத்துக்குள்ள நினைக்கவே வேண்டாம். மட் ரயர் தேய்ஞ்சு முடிய 235/75ஆர்15 றோட்டு ரயருக்குத் திரும்புங்கோ. பாரம் குறையும், மீற்றர் சரியாகும், ஐஞ்சாம் கியர் திரும்ப வரும்.

ஷக்கிள் நீட்டினதால பின் அக்சிலுக்கு மேல இருக்கிற பாரம் பார்த்துப் பிறேக் குடுக்கிற வால்வின்ர கம்பியும் இழுபட்டிருக்கும். வாகனம் வெறுமையா நிக்குது எண்டு நினைச்சு அது பின் பிறேக்கைக் குறைச்சுப் போடும். டீசலுக்குச் சம்பந்தமில்லை, ஆனா சாமான் ஏத்தி ஓடுறியள், கலிப்பர் செய்யேக்க அதையும் பாக்கச் சொல்லுங்கோ.

—

கொக்குவில்_கெப்:

இப்ப இருக்கிற றிம் 8 இஞ்சி அகலம். 235 அதிலயே ஏறுமோ?

—

பழைய_ஸ்பானர்:

ஏறும். 235/75க்கு 6இல இருந்து 8 இஞ்சி வரை சரி, நீங்கள் மேல் எல்லையில நிக்கிறியள். ஆனா அந்த றிம் வெளியால தள்ளி நிக்கிற வகை எண்டா முன் பெயரிங்குக்குத்தான் அடி. பழைய 6 இஞ்சி றிம் நாலு எங்கயும் கிடைச்சா அதை எடுங்கோ.