மறுமொழி: 'சாவித்துளை'யும் 'நுண்துளை'யும்

குழுவினருக்கு வணக்கம்.

வயிற்றில் சிறு துளைகள் போட்டு அவற்றின் வழியே செய்யும் அறுவை லேப்ராஸ்கோப்பி. அதற்குத் தமிழ்ச் சொல்லாக நேற்று குழுவில் வந்த 'சாவித்துளை', 'நுண்துளை' இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. 'சாவித்துளை' என்பது மலாயில் சொல்லும் 'லூபாங் குஞ்சி'யின் நிழல். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "எந்தப் பூட்டுக்குப்பா?" என்று கேட்டார்.

அத்தை முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். இனிப்புநீரில் (நீரிழிவு) சிறுநீரகம் போய், வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம் ரத்தம் கழுவுகிறார் (டயாலிசிஸ்). போன வருடம் பெருங்குடலில் புற்று; அதை லேப்ராஸ்கோப்பியில்தான் வெட்டி எடுத்தார்கள்.

'நுண்' என்றால் நுண்ணுயிர், நுண்ணோக்கி என்றுதான் மனம் போகும். இந்தத் துளைகளோ 5 முதல் 12 மில்லிமீட்டர். அத்தை வயிற்றில் சுண்டுவிரல் நகம் அளவில் நான்கு தழும்பு. தொப்புளுக்குக் கீழே விரல் நீளத்தில் இன்னொன்று. வெட்டிய குடலை எடுத்த வழி அது. 'நுண்துளை' என்று கேட்டு, ஆபத்தும் அவ்வளவுதான் என்று நாங்கள் அசந்திருந்தோம். வயிற்றுக்குள் கரியமில வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு ஏற்றித்தான் வேலை நடக்கும் என்பது பிறகுதான் விளங்கியது. அந்த வாயு ரத்தத்தில் கலந்தால் அமிலம் கூடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஏற்கெனவே அமிலமும் பொட்டாசியமும் தேங்கும்; அதனால் அறுவைக்கு முந்தின நாளே ரத்தம் கழுவி அனுப்பினார்கள். காயம் ஆறத் தாமதமாகும் உடம்புக்குச் சிறிய காயம் பெரிய உதவி, அதை மறுக்கவில்லை.

ஆகவே என் முன்மொழிவு 'துளைவழி அறுவை'. பெரிது, சிறிது என்று எதுவும் சொல்லாமல் போகும் பாதையை மட்டும் சொல்கிறது. வயிற்றைக் கீறிச் செய்வதற்கு இணையாகக் 'கீறல்வழி அறுவை' வைக்கலாம். 'துளைவழிப் பெருங்குடல் அறுவை' என நீட்டினாலும் நாக்கு தடுக்கவில்லை.

வாயு ஏற்றுவதற்கு? 'வாயுவேற்றம்' என்றால் நோயாளிக்கு வாயுத்தொல்லைதான் நினைவுக்கு வரும். தாதி சொன்னது, "வயித்துல காத்தடிச்சிருக்கு, அதான் தோள்பட்டை வலிக்குது பாட்டி." அத்தைக்கு உடனே புரிந்தது. 'வயிற்றுக் காற்றேற்றம்' என்று வைத்தால் அந்தப் பேச்சு கெடாது. கரியமில வாயுவைக் காற்று என்பது வேதியியலுக்குப் பொருந்தாது என்று மறுப்பு வரும். நோயாளிக்கான கையேட்டில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

'துளைவழியறுவை' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தை இப்போதே 'துளைவழி ஆப்பரேஷன்' என்கிறார்.