குடல் ஒப்பரேஷனுக்குப் பிறகு எச்.ஐ.வி மாத்திரை: பார்த்ததை எழுதுங்கள்

ஹட்டன் மருந்தாளர்:
இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்த கொழுந்துத் தொழிலாளி. வருடக்கணக்காக அடங்கிக் கிடந்த வைரஸ் ஒப்பரேஷனுக்குப் பிறகு தலைதூக்கியது. வயிறு இல்லாததால் மருந்து ஏறவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கிளினிக் கொப்பியோடு வந்த மருந்து உறையைக் கவிழ்த்தால், சிவப்பு இரும்பு மாத்திரைகளுக்கு நடுவே வெள்ளை டீஎல்டீ (டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த எச்.ஐ.வி மாத்திரை)! லயத்தில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று ஒரே உறையில் போட்டு, விடிகாலை வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். டொலுடெக்ராவிர் இரும்போடு பிணைந்துகொள்ளும். வெறும் வயிற்றில் சேர்ந்தால் பாதிக்கு மேல் உடம்பில் சேராது. கத்தியின் மேல் பழி போடுமுன் உறையைக் கொட்டிப் பாருங்கள்.

பதுளைத் தாதி:
இது வேறு மாதிரி. சிறுகுடல் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை மாட்டியிருந்த நோயாளி. பையைக் காலி செய்யும்போது மாத்திரை முழுசாக விழுந்தது, பொறித்த எழுத்துக்கூட அழியவில்லை. விழுங்கி ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. பையில் நாளுக்கு இரண்டு லீட்டருக்கு மேல் வடிந்தது. வெறும் தண்ணீரையும் பிளேன்டீயையும் குறைத்து ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல்), சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் குடல் ஓட்டத்தைத் தணிக்கும் லோபெரமைட். ஓட்டம் தணிந்த பிறகுதான் மாத்திரை உள்ளே தங்கியது.

கண்டி வார்டு:
ஹட்டன்காரர் சொல்வதை எல்லாருக்கும் பொருத்த முடியாது. டொலுடெக்ராவிருக்கு அமிலம் வேண்டாம், அதனால் அவர் சொன்னது அங்கே சரி. வேறு எச்.ஐ.வி மருந்துகளான ரில்பிவிரினும் அட்டசனவிரும் அமிலம் இல்லாமல் சரியாக ஏறாது. இரைப்பை போனவருக்கு அவை பொருந்தா. ரில்பிவிரினோடு அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் எழுதவே கூடாது. எந்த மருந்து என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.
தாதிக்கு: இரண்டு லீட்டர் வடிந்தவருக்குச் சிறுநீரகம் பார்த்தீர்களா? நீர் வற்றிய உடம்பில் டெனோஃபோவிர் சிறுநீரகத்துக்கு ஆபத்து. டொலுடெக்ராவிர், சிறுநீரகத்தைக் கணிக்க இரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினினைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அது பழுதல்ல. ஒப்பரேஷனுக்கு முந்திய ரிப்போர்ட் பக்கத்தில் இல்லாவிட்டால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

பண்டாரவளை:
ஏழு மணிக்கு மலைக்கு ஏறுகிறவருக்கு நேரம் போட்டுக் கொடுப்பதே பெரிய வேலை, அதை யாரும் எழுதவில்லை. டீஎல்டீயைக் காலை ஆறு மணிக்கு ரொட்டியோடு கொடுங்கள். உணவோடு போனால் டொலுடெக்ராவிர் கூடுதலாக ஏறும். இரும்பும் கல்சியமும் அதற்கு இரண்டு மணித்தியாலம் கழித்து, அல்லது ஆறு மணித்தியாலம் முன். அது முடியாவிட்டால் மூன்றையும் ஒரே சாப்பாட்டோடு விழுங்கலாம், வெறும் வயிற்றில் மட்டும் கூடாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த பால் மருந்துக்கு இந்தச் சலுகை கிடையாது: சாப்பாட்டோடும் சேர்க்கக் கூடாது. இரவு பத்து மணிக்குக் குடித்தால் காலை ஆறுக்குள் தேவையான இடைவெளி கிடைத்துவிடும். இரும்பைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் இரும்பே வீண். இரைப்பை எடுத்தவருக்குக் கல்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும், கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். பீ12 ஊசியை நிறுத்த விடாதீர்கள்.
வைரஸ் அளவை வழக்கமான தவணை வரை தள்ளிப்போடாமல் ஒப்பரேஷன் முடிந்து நாலு முதல் எட்டு வாரத்துக்குள் எடுக்கச் சொல்லுங்கள். விழுங்க முடியாதவருக்கு டொலுடெக்ராவிரைப் பொடித்துக் கொடுத்தால் பலன் குறையாது. ஆனால் பிள்ளைகளுக்கான கரையும் மாத்திரையை மில்லிகிராம் கணக்கில் ஈடாக மாற்றாதீர்கள், அதன் 30 மில்லிகிராம் பெரியவர்களின் 50க்குச் சமம். குழாய் வழியே கொடுத்தால் அதன் நுனி இரைப்பையிலா சிறுகுடலிலா என்று கேட்டு, கொப்பியில் எழுதிவையுங்கள்.