ஆர்.வி. பயணத்தில் சாப்பாடு: தாளிப்பை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்பிய கதை

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

போன ஜூலையில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஆர்.வி.யில், அதாவது அடுப்பும் படுக்கையும் உள்ள வீடு மாதிரியான வண்டியில், போய்வந்தோம். நான், கணவர், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் மாமியார். ஒன்பது நாள். நம் குழுவில் சிலர் ஆர்.வி. எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். சாப்பாட்டு விஷயத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இது எங்கள் இரண்டாவது பயணம். முதல் தடவை போனபோது, வண்டிக்குள் அடுப்பு இருக்கிறது, ஃபிரிட்ஜ் இருக்கிறது, வீட்டில் சமைப்பது போலவே சமைத்துவிடலாம் என்று நினைத்துக் காய்கறி, தேங்காய், மிக்சி வரை ஏற்றினேன். எல்லோரும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கும்போதே ஸ்மோக் அலாரம் அலறும், சின்னவள் பயந்து அழுவாள். சமைக்கிற இடத்திலேயேதான் படுக்கையும் என்பதால் சாம்பார் வாசனை தலையணையில் ஏறி மூன்று நாள் போகவில்லை. எல்லாவற்றையும்விட என்னைத் தவிக்கவிட்டது பத்துப்பாத்திரம். சிங்க்கில் விடுகிற ஒவ்வொரு சொட்டும் வண்டிக்கு அடியில் உள்ள கழிவுநீர்த் தொட்டியில்தான் சேரும். கழிவுநீர் இணைப்பு இல்லாத இடத்தில் இரண்டே நாளில் தொட்டி நிரம்பிவிட்டது. குழாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

அதனால் இந்த முறை ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். தாளிப்பது, வறுப்பது, அரைப்பது எல்லாம் வீட்டோடு சரி. வண்டியில் தண்ணீர் கொதிக்கவைப்போம், சாதம் வடிப்போம், கலப்போம். அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை மாமியாரும் நானும் அடுப்படியில் உட்கார்ந்தோம். கால் கிலோ புளியில் புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய் மேலே மிதக்கிற பதம். ஒரு பெரிய பாட்டில் தக்காளித் தொக்கு. பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி. ஒரு கிலோ ரவையை நெய்விட்டு வறுத்து, கடுகு, கடலைப்பருப்பு, முந்திரி, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்துக் கொட்டி, உப்பும் போட்டு, ஆறவைத்து டப்பாவில் அடைத்தோம். வண்டியில் ஒரு கப் ரவைக்கு இரண்டரைக் கப் கொதிநீர் ஊற்றி மூடினால் பத்து நிமிடத்தில் உப்புமா. இதையெல்லாம் செய்யும்போது மாமியார் சொன்னார்: "அந்தக் காலத்துல ராமேஸ்வரம் போறதுக்கு எங்க அம்மா இதைத்தாண்டி செஞ்சா. உங்க வண்டியில அடுப்பு இருக்குங்கறதுதான் புதுசு." கட்டுச்சாதக் கணக்குத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஆர்.வி. சமையலுக்கு வேறு புத்தகம் வேண்டாம் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

தாளிப்பு எண்ணெயைத் தனியாகவும் ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். தயிர் சாதமோ எலுமிச்சை சாதமோ, எதற்கும் இரண்டு ஸ்பூன் விட்டால் போதும். அலாரம் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

ஃபிரிட்ஜ் பற்றி முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பல ஆர்.வி.க்களில் இருப்பது ப்ரொபேனிலும் கரண்டிலும் ஓடுகிற வகை. வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி சட்டென்று குளிராது, ஆறேழு மணி நேரமாவது ஆகும். வண்டி சரிவாக நின்றால் அதுவும் இல்லை. முதல் பயணத்தில் வண்டியை வாடகைக்கு எடுத்த கையோடு சாமான்களை அடுக்கிக் கிளம்பிவிட்டோம். நெவாடா வெயிலில் மாலைக்குள் பால் திரிந்துவிட்டது. இந்த முறை முந்தைய இரவே ஃபிரிட்ஜைப் போட்டுவைத்தோம். பால், தயிர், மாவு எல்லாவற்றையும் வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து, அப்படியே மாற்றினோம். உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறினால் பாலைத் தொடுவதில்லை என்று பிள்ளைகளிடமும் சொல்லிவைத்தேன். பெரியவன் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்த்துச் சொன்னான்.

நெவாடாவில் வினமக்காவில் ஓர் இரவு, இடாஹோவில் ட்வின் ஃபால்ஸில் ஓர் இரவு, மூன்றாம் நாள் யெல்லோஸ்டோன். ட்வின் ஃபால்ஸ் பக்கத்தில் ஷோஷோனி அருவி இருக்கிறது. 212 அடி, நயாகராவைவிட உயரம். ஜூலையில் தண்ணீர் குறைவுதான், ஆனாலும் அதைப் பார்த்தபடி தயிர் சாதமும் தொக்கும் சாப்பிட்டதைப் பிள்ளைகள் இன்னும் சொல்கிறார்கள். சாதத்தைச் சூடான பாலில் குழைத்து, ஆறியதும் ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். மதியம் வரை புளிக்கவே இல்லை.

யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் தங்கினோம். தண்ணீர், கரண்ட், கழிவுநீர் மூன்று இணைப்பும் உள்ள இடம் அந்தப் பூங்காவுக்குள் அது ஒன்றுதான். கரடி நடமாட்டம் உள்ள பகுதி, அதனால் கூடாரத்துக்கு அனுமதியே இல்லை, கெட்டிச் சுவர் வண்டி மட்டும்தான். சாப்பாடு, காலிப் பாத்திரம், எண்ணெய் பாட்டில், ஏன், நாய்க்கான தீனிகூட ஆள் இல்லாமல் வெளியே இருக்கக்கூடாது. சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் துடைத்து, குப்பையைக் கரடியால் திறக்க முடியாத தொட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. வெளியே வாசனை கிளப்பிச் சமைக்காமல் இருந்தது இங்கே தனி நிம்மதி.

நான் எதிர்பார்க்காத ஒன்று உயரம். நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்திலுள்ள யெல்லோஸ்டோன் ஏரிக்கரை கடல் மட்டத்திலிருந்து 7,700 அடிக்கு மேல். அங்கே தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கும், ஆனால் சூடு குறைவு, அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. நல்லவேளை, மாமியாரின் பிடிவாதத்தால் மூன்று லிட்டர் குக்கரை எடுத்துப் போயிருந்தோம். சாதத்துக்கு இரண்டு விசில் கூடுதல், பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தேன். சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் உயரத்தில் பலூன் மாதிரி உப்பிக்கொண்டதைப் பார்த்துச் சின்னவளுக்கு ஒரே ஆச்சரியம்.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்போதுதான் முடிந்திருந்தது. அடுத்தது வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையும் சிப்ஸும் சாப்பிட்டோம். எனக்கு இந்தப் பயணத்தின் சந்தோஷம் அந்த ஒன்றரை மணி நேரம்தான். முதல் முறையாக நானும் எல்லோரோடும் உட்கார்ந்திருந்தேன், எழுந்து ஓட எந்த வேலையும் இல்லை.

நீங்கள் யாராவது கரண்ட் இணைப்பே இல்லாத இடத்தில் தங்கியிருக்கிறீர்களா? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

ஃபீனிக்ஸ், அரிசோனா

அக்கா, நாங்கள் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேதர் கேம்ப்கிரவுண்டில் தங்கினோம். அங்கே எந்த இணைப்பும் கிடையாது. பக்கத்திலேயே உள்ள டிரெய்லர் வில்லேஜில் இருக்கிறது, ஆனால் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்ஸ்டன்ட் பாட் (கரண்டில் ஓடும் குக்கர்) இருக்கிறதே என்று தைரியமாகப் போயிருந்தேன். ஜெனரேட்டரைக் குறிப்பிட்ட நேரத்தில்தான் ஓடவிடலாம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்துக்குள் சாதம் வைத்து, ஹாட் பேக்கில் மாற்றி, இரவு வரைக்கும் ஓட்டினோம். அடுத்த முறையிலிருந்து நீங்கள் சொன்ன மாதிரி அடுப்பில் வைக்கிற சின்ன குக்கர்தான்.

இணைப்பு இருந்தாலும் கணக்குப் பார்க்க வேண்டும். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோவேவையும் இன்ஸ்டன்ட் பாட்டையும் சேர்த்துப் போட்டேன், பிரேக்கர் விழுந்துவிட்டது. ஃபீனிக்ஸ் பக்கம் ஜூனில் ஏசியை நிறுத்திச் சமைப்பது நடக்கிற காரியமா? காலை ஆறு மணிக்கே மதியச் சாப்பாட்டையும் முடித்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

கறிவேப்பிலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோழி வீட்டுத் தோட்டத்தில் பறித்ததை ஒரு பை நிறைய வைத்துக்கொண்டு, ஐ-10 நெடுஞ்சாலை வழியாகக் கலிஃபோர்னியாவுக்குள் போனோம். பிளைத் என்ற இடத்தில் விவசாயச் சோதனைச் சாவடி. பழம், செடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்புகிற ஒரு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழுமாம், அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடு. மாநிலம் தாண்டும்போது பச்சை இலை வேண்டாம் தோழிகளே. தாளித்தே எடுத்துப் போங்கள்.

டொராண்டோ, கனடா

எங்கட வீட்டில் ஒவ்வொரு ஓகஸ்டிலும் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போவோம், மியூ லேக் பக்கம், கரண்ட் உள்ள இடம். இரண்டு குடும்பம், ஒரு டிரெய்லர், ஒரு கூடாரம். பதினொரு பேர் என்றால் வண்டிக்குள் இருக்கிற அடுப்பு காணாது. நாங்கள் சாப்பாட்டை நாளுக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துக்கொள்வோம். இதை ஆரம்பத்திலேயே கதைத்து முடிவு செய்தால் மனஸ்தாபம் வராது. ஒரு வருசம் கதைக்காமல் போய், இரண்டு பேரும் கோழிக்கறி கொண்டுவந்து, மரக்கறி சாப்பிடுகிற மாமிக்கு இரண்டு நாள் பாணும் சம்பலும்தான். அது எனக்கு இன்னும் மனசில் குத்துகிறது.

எங்களுக்குக் கைகொடுப்பது பிட்டுதான். வறுத்த அரிசிமாவும் உலர்ந்த தேங்காய்ப்பூவும் வீட்டிலிருந்து வரும். கொதிநீர் விட்டுக் குழைத்து, சின்ன ஸ்டீமரில் அவித்தால் இருபது நிமிடத்தில் பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். கறியை வீட்டில் சமைத்து, தட்டையான பைகளில் ஊற்றி, பலகை மாதிரி உறையவைத்துக் கொண்டுபோவோம். முதல் இரண்டு நாளைக்கு அதுவே ஐஸ் கட்டியாகவும் வேலை செய்யும், பிறகு உருக உருகச் சாப்பிடலாம். உங்கள் கழிவுநீர்த் தொட்டிப் பிரச்சினைக்கும் ஒரு வழி இருக்கிறது அக்கா. கறி வைத்த கோப்பைகளைக் கழுவ முன்னம் பழைய பேப்பரால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தொட்டிக்குள் போனால்தான் மணக்கும். துடைத்தால் தண்ணீரும் பாதிதான் செலவாகும்.

டாலஸ், டெக்சாஸ்

நாங்கள் முதல் முறையாக மே மாதம் கிளம்புகிறோம். எங்கள் வீட்டில் தோசை இல்லாமல் மூன்று நாள் தாண்டாது. மாவு எடுத்துப் போகலாமா அக்கா?

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

டொராண்டோத் தோழி, உறைந்த கறியை ஐஸாகப் பயன்படுத்துவது எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி. துடைத்துவிட்டுக் கழுவுவதையும் இனிமேல் பழகிக்கொள்கிறேன்.

டாலஸ் தங்கைக்கு: மாவு எடுத்துப் போகலாம், ஆனால் புளித்த மாவாக, குளிரவைத்து, பாதி டப்பாவுக்கு மேல் நிரப்பாமல். முதல் பயணத்தில் அரைத்த அன்றே முக்கால் டப்பா நிரப்பி, மூடியை இறுக்கி, ஃபிரிட்ஜில் இடமில்லை என்று மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். வண்டி குலுங்கக் குலுங்க, வெயிலில் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு அலமாரி முழுக்க வழிந்தது. வாடகை வண்டி வேறு. ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்து இடுக்கு இடுக்காகத் துடைத்தோம்.

இந்த முறை இரண்டு டப்பாவில் பாதிப்பாதியாக, நேராக ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். தோசை வண்டிக்குள் வார்க்க வேண்டாம், புகை வரும். கேம்ப்கிரவுண்டில் வெளி அடுப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, ஒற்றை பர்னர் அடுப்பை மேசையில் வைத்து வார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு நாளில் மாவைத் தீர்த்துவிட்டோம். ட்வின் ஃபால்ஸில் காலை ஏழு மணிக்கு நான் வார்க்க வார்க்க, பக்கத்து வண்டிப் பாட்டி வந்து என்ன என்று கேட்டார். மாமியார் ஒரு தோசையில் மிளகாய்ப்பொடி தடவிச் சுருட்டிக் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டி இன்னொரு தட்டோடு வந்து, தாத்தாவுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.