கிரகண ஒத்திகையில் இரண்டு சூரியன் விழுகிறது, உதவி தேவை

முதல்முறை:
பகுதிச் சூரிய கிரகணத்துக்கு இன்னும் நான்கு நாள். இன்று ஒத்திகையாகச் சூரியனை எடுத்துப் பார்த்தேன். 250 மி.மீ. லென்ஸ், அதன் முன்னால் சோலார் ஃபிலிம் ஒட்டிய அட்டை வளையம், டிரைபாட். சூரியன் வெறும் வெள்ளைத் தட்டாக வருகிறது, விளிம்பு பஞ்சு மாதிரி பிசிறடிக்கிறது. அதைவிடக் குழப்பம் ஒன்று: சூரியன் இடது மேல் மூலையில் இருந்தால் வலது கீழ் மூலையில் மங்கலாக இன்னொரு சூரியன்! ஃபிலிமில் கீறலோ ஓட்டையோ இருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.
ஆட்டோஃபோகஸும் நிற்காமல் முன்னும் பின்னும் ஓடுகிறது. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வியூஃபைண்டர் வழியாகப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யலாமா?

முக்காலி:
கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கூடவே கூடாது. கிரகணக் கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டும். லென்ஸ் குவித்த ஒளி பட்டால் அதன் ஃபிலிமே பொசுங்கிவிடும். முன்னால் ஃபில்டர் இருக்கிறதே என்பீர்கள். அது இருக்கும்வரை கண்ணாடி வழியாக எதுவும் தெரியாது. காற்றில் வளையம் கழன்றால்தான் தெரியும், அப்போது உங்கள் கண் அங்கே இருக்கும். விழித்திரைக்கு வலி உணர்ச்சி கிடையாது, சுட்டது உடனே தெரியாது. வளையத்தை டேப் போட்டு ஒட்டுங்கள், பின்திரையில் மட்டும் பாருங்கள்.
சூரியன் எவ்வளவு மெலிந்த பிறையானாலும் ஃபில்டரைக் கழற்றாதீர்கள். பகுதிக் கிரகணத்தில் அதற்கு ஒரு நொடிகூட வாய்ப்பில்லை.

எதிரொளி:
அந்த இரண்டாவது சூரியனுக்கு ஒரு கேள்வி. சோலார் ஃபிலிமுக்கு அடியில், லென்ஸில் யூ.வி. ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டும் தட்டைக் கண்ணாடி) மாட்டியிருக்கிறதா?

முதல்முறை:
ஆமாம், வாங்கிய நாளிலிருந்து மாட்டியேதான் இருக்கிறது. கழற்றவே தோன்றவில்லை.

எதிரொளி:
அப்ப அதுதான். சென்சாரில் பட்ட ஒளியில் கொஞ்சம் திரும்பிப் போய், அந்தத் தட்டைக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருகிறது. அதனால்தான் படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிரே விழுகிறது. சூரியனை நடுவில் வைத்திருந்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. கழற்றிவிட்டு எடுங்கள்.

முக்காலி:
வெள்ளைத் தட்டு கேமராவின் குற்றம் இல்லை. படத்தில் முக்கால்வாசிக்கு மேல் கறுப்பு, அதைப் பார்த்துவிட்டு ஆட்டோ எக்ஸ்போஷர் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. பிசிறுக்கும் பாதிக் காரணம் அதுதான். மேனுவலுக்குப் போங்கள். ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் ஃபிலிம் என்றால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, 1/400 நொடியில் தொடங்கி, அங்கிருந்து மேலும் கீழும் சில படங்கள் எடுங்கள். பிறை மெலியும்போது ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் சூரியனின் ஓரம் நடுவைவிட மங்கல்.
ஃபோகஸுக்குப் பின்திரையின் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, விளிம்பைப் பார்த்து லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். சரியானதும் அதற்கும் ஒரு துண்டு டேப். அதற்குப் பிறகும் விளிம்பு தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தால் அது காற்றின் வேலை. சூடேறிய சிமென்ட் தரையை விட்டுப் புல்தரைக்கு மாறுங்கள்.
இன்னொன்று: சூரியன் தன் அகலத்தை ஏறக்குறைய 2 நிமிடத்தில் கடந்துவிடும். டிரைபாடை அடிக்கடி திருப்பித்தான் ஆகணும்.

இலைநிழல்:
கேமராவோடு மல்லுக்கட்டும் நேரத்தில் மரத்தடியையும் ஒருமுறை பாருங்கள். இலை இடுக்குகள் ஊசித்துளை வேலை செய்து தரையெல்லாம் குட்டிப் பிறைகள் விழும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல படம், அதற்கு ஃபில்டரும் வேண்டாம்.

முதல்முறை:
யூ.வி.யைக் கழற்றினேன், இரண்டாவது சூரியன் போயே போச்சு! 1/400-இல் விளிம்பும் கத்தி மாதிரி இருக்கிறது. நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சூரியப் புள்ளிகூடச் சிக்கியிருக்கிறது.

எதிரொளி:
சூரியன் நகர்ந்த பிறகு எடுத்த படத்திலும் அந்தப் புள்ளி சூரியனோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறதா?

முதல்முறை:
இல்லை. எல்லாப் படத்திலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. சூரியனுக்கு வெளியே போனதும் காணோம்.

எதிரொளி:
சென்சார் தூசு. இன்னும் நான்கு நாள் இருக்கிறது, துடைத்துவிடுங்கள்.